புதுப்பிப்பு: எஸ்எஸ்டி வந்தது, ஹார்ட் டிஸ்க் காணாமல் போனது

வீட்டுக் கணினிக்கு 4 டிபி ஹார்ட் டிஸ்க் மட்டும் போதுமா, எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்புச் சாதனம்) வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் இரண்டுமே வாங்கிவிட்டேன். விண்டோஸுக்கு 1 டிபி எஸ்எஸ்டி, படங்களுக்கு ஹார்ட் டிஸ்க்.

மாட்டியதும் கணினியில் ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. கேபிளை மூன்று முறை பிடுங்கிச் செருகினேன். அப்புறம்தான் மதர்போர்டு கையேட்டில் பொடி எழுத்தில் இருந்தது கண்ணில் பட்டது: எம்.2 ஸ்லாட்டில் (மதர்போர்டிலேயே எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) எஸ்எஸ்டி போட்டால், ஹார்ட் டிஸ்க் கேபிளைச் செருகும் சாட்டா போர்ட்களில் ஒன்று வேலை செய்யாதாம். அடுத்த போர்ட்டுக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது.

ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவலை ஒரே நேரத்தில் எழுதும் முறை) போடவில்லை. தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும். பதிலாக வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் நகல், முடிந்ததும் கழற்றி அலமாரிக்குள். நேற்று ஒரு ஆல்பத்தை அதிலிருந்து மீட்டுப் பார்த்தேன். எல்லாப் படமும் திறந்தது. வீட்டுக்கு வெளியே ஒரு நகல் வைப்பதுதான் இன்னும் பாக்கி.