ஸ்பார்க்கி எங்கள் வீட்டுக்கு வந்த கதை

என்னிடம் இருப்பது மெட்டாலிகா என்ற ராக் இசைக்குழுவின் பெயரில் வந்த பின்பால் மெஷின், கண்ணாடிக்குக் கீழே சாய்வான பலகையில் உருளும் பந்தை அடித்து ஆடுவது. ஸ்டெர்ன் கம்பெனி 2013-இல் கொண்டுவந்தது, ஜான் போர்க் வடிவமைத்தது. நாங்கள் இருப்பது சிகாகோ பக்கம், அந்தக் கம்பெனியும் இந்தப் பக்கம்தான், ஆனாலும் புதுசுக்குக் காசு கட்டுப்படியாகாமல் ஒருவர் வீட்டு கராஜிலிருந்து பழசாக வாங்கினேன். நூறு கிலோவுக்கு மேல் எடை. தலையை மடக்கி, காலைக் கழற்றி, பேஸ்மென்ட் படியில் மூன்று பேர் மூச்சு வாங்க இறக்கினோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் விற்றவர் சொன்னார், வீட்டில் போட்டுப் பார்த்தால் பந்தை அடிக்கும் துடுப்பான ஃபிளிப்பரில் இடது பக்கத்ததற்குத் தெம்பே இல்லை, பந்து ராம்ப் என்கிற சரிவுப் பாதையில் பாதி ஏறிவிட்டுத் திரும்பி வந்தது. பலகையைத் தூக்கி, அடியில் தேய்ந்திருந்த பாகங்களை மாற்றிய பிறகு 'டப்' என்று அடித்தது பாருங்கள், அந்தச் சத்தத்துக்கே கொடுத்த காசு தகும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. 96-இல் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் மெட்டாலிகா பாட்டையெல்லாம் நகலெடுத்த கேசட்டில்தான் கேட்டேன். வெள்ளை அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் பாட்டுப் பெயர் மட்டும் எழுதியிருக்கும், ஆல்பத்தின் அட்டைப்படம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. இந்த மெஷின் முழுக்க அந்த அட்டைப்படங்கள்தான்! 84-இல் வந்த ஆல்பத்தின் மின்சார நாற்காலி, 86-இல் வந்ததன் கல்லறைச் சிலுவை, 91-இல் வந்த கறுப்பு அட்டையின் மூலையில் சுருண்டு கிடக்கும் பாம்பு. பாம்பின் வாய்க்குள் பந்தை அடித்துப் போட வேண்டும்.

நாற்காலியில் கட்டி வைத்திருக்கும் பொம்மைக்குத்தான் ஸ்பார்க்கி என்று பெயர். அவனுக்கு முன்னால் பலகைக்கு அடியில் காந்தம் இருக்கிறது. வேகமாக வருகிற பந்தை அது அப்படியே பிடித்து நிறுத்தும், 80 கிராம் இரும்புக் குண்டு நின்ற இடத்திலேயே நடுங்கும், ஸ்பார்க்கி உடம்பெல்லாம் உதறுவான். என் மகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு ஸ்கோர் பற்றியெல்லாம் கவலையே இல்லை.

—

அண்ணா, கேசட் விஷயம் எனக்கும் அப்படியே. நான் வாங்கியது அயர்ன் மெய்டன் என்ற இன்னொரு இசைக்குழுவின் பெயரில் 2018-இல் வந்த மெஷின். அதை வடிவமைத்த கீத் எல்வின் அதற்கு முன்பே பின்பால் போட்டிகளில் பெரிய சாம்பியன், ஆடத் தெரிந்தவர் கை என்பது ஒவ்வொரு ஷாட்டிலும் தெரிகிறது, ஒரு ராம்ப்பில் ஏற்றினால் பந்து அடுத்த ஷாட்டுக்கு வாகாக ஃபிளிப்பருக்கே வந்து சேருகிறது. ஒன்று சொல்கிறேன், பழைய மெஷின் என்றால் பந்துகளை உடனே மாற்றிவிடுங்கள். என்னுடையதும் பழசுதான், அதிலிருந்த பந்தை நகத்தால் தடவிப் பார்த்தேன், பொடிப்பொடியாகக் குழி. அதுதான் பலகையின் ஓவியத்தைச் சுரண்டும்.

—

நல்ல வேளை சொன்னாய் தம்பி, இப்போதுதான் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், இரண்டு பந்தில் குழி இருக்கிறது. இன்றைக்கே ஆர்டர் போடுகிறேன்.