பழைய ஸ்னோமொபைல் வாங்கியவர்கள் ஓயில் பம்பைப் பார்த்தீர்களா? என் அனுபவம்

போன மார்கழியில் கனடாவின் சிம்கோ ஏரிக்கு ஐஸ் மீன்பிடிக்கப் போய்வர என்று ஒரு பழைய ஸ்னோமொபைல், அதாவது பனியில் ஓடும் வண்டி, வாங்கினேன். எஞ்சின் ரோட்டாக்ஸ் 503, இரட்டைச் சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். ஓயிலுக்குத் தனி டாங்கி, அதிலிருந்து ஒரு பம்ப்தான் எஞ்சினுக்கு ஓயில் அனுப்பும். விற்றவர், "ஓயில் டாங்கியை நிரப்பு, பெற்றோலை அடி, ஓடு" என்றார். ஊரில் பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலோடு ஓயில் கலந்து ஊற்றிய பழக்கம் எனக்கு இருந்ததால் அந்தப் பேச்சை அப்படியே நம்ப மனம் வரவில்லை. இந்த எஞ்சினுக்குள் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேறு ஓயில் கிடையாது, பம்ப் தருவது மட்டும்தான், அது குறைந்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும்.

அதனால் முதல் டாங்கிக்கு 50:1 கலவை, அதாவது 10 லீற்றருக்கு 200 மில்லிலீற்றர் ஓயில். பம்பையும் கழற்றிவிடவில்லை. ஓயில் டாங்கியின் வெளிப்பக்கத்தில் மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டினேன். இரண்டு வழியாலும் ஓயில் போனால் புகை நன்றாகக் கூட வேண்டும், ஆனால் புகை அளவாகத்தான் வந்தது. டாங்கி முடியும்போது ஓயில் டேப்பை விட்டு இறங்கினதாகவே தெரியவில்லை. வெறும் பெற்றோலில் ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வயிறு கலங்கியது.

எஞ்சின் மூடியைத் திறந்து, டோர்ச் அடித்துப் பம்பைப் பார்த்தேன். கேபிள் இழுக்கும் லீவரில் ஒரு கோடு, பம்பின் உடம்பில் ஒரு கோடு. அழுக்கைத் துடைத்தால்தான் தெரியும். பெருவிரலால் த்ரொட்டிலை (வேகம் கூட்டும் பிடியை) மெதுவாக அழுத்தி, கேபிளின் தளர்வு போய் லேசாகத் தடுக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டால் இந்த இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். என்னுடையதில் லீவர் நன்றாகப் பின்தங்கி நின்றது. யாரோ த்ரொட்டில் கேபிளை மாற்றியிருக்கிறார்கள், பம்ப் கேபிளைத் தொடவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சரி, உடனே பம்ப் கேபிளை முறுக்கப் போகாதீர்கள். முதலில் ஐடில் (த்ரொட்டிலை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகம்), அப்புறம் த்ரொட்டில் கேபிளின் தளர்வு, இரண்டு கார்ப்ரேட்டரும் ஒன்றாகத் திறக்கின்றனவா என்பது, இவை முடிந்த பிறகுதான் பம்ப். இல்லாவிட்டால் பிறகு கார்ப்ரேட்டரைத் தொடும்போது கோடு மறுபடி விலகும். லொக் நட்டை இளக்கி, அட்ஜஸ்டரைத் திருப்பிக் கோட்டைச் சேர்த்து, நட்டை இறுக்கினதும் இன்னொரு தடவை பார்த்தேன், இறுக்கும்போதே கொஞ்சம் நகர்ந்திருந்தது, திரும்பவும் செய்தேன்.

அடுத்த டாங்கியும் கலவையில்தான் ஓட்டினேன். இந்தத் தடவை நல்ல புகை, டேப்பிலிருந்து இரண்டு விரல் கீழே ஓயில். அதைக் கண்ட பிறகுதான் வெறும் பெற்றோல்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

*

அண்ணை, எனக்குக் கோடு சரியாகத்தான் இருந்தது, பிரச்சினை குழாயில். ஓயில் டாங்கியிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாய் காய்ந்து, பொருத்தும் முனையில் மயிரிழை வெடிப்பு. வெளியே ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை, ஆனால் பம்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய குழாய்க்குள் அரிசி அளவில் காற்றுக் குமிழ்கள் வரிசையாக நின்றன. குழாயை மாற்றினேன், எஞ்சின் நிற்கும்போதே பம்பில் காற்றை வெளியே விடும் ஸ்குருவை இளக்கி, குமிழ் இல்லாமல் ஓயில் வழியும்வரை விட்டு இறுக்கினேன். அப்புறம் கலவைப் பெற்றோலில் ஐடிலில் ஓடவிட்டு, பம்ப் லீவரைக் கையால் முழுவதும் திறந்து பிடித்தேன். கடைசிக் குமிழ் எஞ்சினுக்குள் போகும்வரை விரலை எடுக்கவில்லை.

குளிரில் கேபிள் உறைக்குள் ஈரம் உறைந்தாலும் லீவர் இறுகும், அதையும் வெளியே பனிக்குள் நிறுத்தி வைத்து ஒருமுறை பாருங்கள்.