மறு: ‘சோதனை வெட்டு’ பொருந்துமா?

> பழங்காசுகளில் உளியால் போட்டிருக்கும் வெட்டை ‘சோதனை வெட்டு’ என்றே எழுதிவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான், ஐயா. ஆனால் காசில் எந்த வெட்டைக் கண்டாலும் சோதித்துப் பார்த்ததுதான் என்று அந்தச் சொல் முந்திக்கொண்டு தீர்ப்பு எழுதிவிடுகிறது. எனக்கு இடிக்கும் இடம் அதுதான்.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் தெருக் கடைக்குப் பழைய கொலுசு விற்க வருகிறார்கள். பழகிய முகம் என்றால் உரைகல்லில் ஒரு தேய்ப்பு, நேரே தராசு. புதுமுகம் என்றால் கடைக்காரர் கத்தரியை எடுத்து ஒரு கண்ணியை நறுக்கி, வெட்டுவாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். உள்ளே செம்பு தெரிந்தால் பேச்சு முடிந்தது. உரைகல் மேற்பூச்சோடு நின்றுவிடும்; கத்தரி உள்ளே போகும்.

பழைய கிரேக்க நகரமான ஏதென்ஸின், ஆந்தை பொறித்த காசுக்கும் இதே கதைதான். மதிப்பு நாலு திராக்மா (அவர்கள் நாணய அலகு), எடை 17 கிராமுக்குச் சற்று மேல், நல்ல வெள்ளி. எகிப்திலும் சிரியாப் பக்கமும் கிடைத்த காசுகள் பலவற்றில் ஆந்தையின் மேலேயே உளி பாய்ந்திருக்கிறது. அங்கே முத்திரையை நம்பவில்லை. வெள்ளியை எடை போட்டுத்தான் வாங்கினார்கள். காசு அறிமுகமில்லாத கைக்குப் போனதற்கு அந்த வெட்டே சாட்சி. பொருளாதார வரலாறு எழுதுபவருக்கு வேண்டியதும் அதுதான். ஆகவே ‘ஐயவெட்டு’ என்கிறேன்.

அதே ஏதென்ஸில் கி.மு. 375 அளவில் ஒரு சட்டம் போட்டார்கள். உள்ளே வெண்கலமோ ஈயமோ இருக்கும் காசு வந்தால், சந்தையில் உட்கார்ந்திருக்கும் வண்ணக்கன் அதை உடனே வெட்டிவிட வேண்டும். (புறநானூற்றுப் புலவர் பெயரில் இருக்கும் அதே வண்ணக்கன்தான். நாணயம் பார்ப்பவருக்கு இத்தனை அழகான சொல்லை வைத்துக்கொண்டு ‘நாணயப் பரிசோதகர்’ என்று ஏன் எழுதுகிறோமோ!) இந்த வெட்டில் ஐயமே இல்லை, செல்லாக்காசு என்று தள்ளியாயிற்று. இது ‘தள்ளுவெட்டு’.

நம் பக்கமே வாருங்கள். 1898இல் புதுக்கோட்டை வட்டாரத்தில் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசன் தலைமேல் வெட்டு. தங்கம் பார்க்க வெட்டினார்களா, இனிச் செல்லாது என்று வெட்டினார்களா? இரண்டு கட்சியும் இருக்கிறது. இப்படிப்பட்டவற்றை அட்டவணையில் வெறும் ‘வெட்டுத்தடம்’ என்று குறித்தால் போதும். நம் வெள்ளி முத்திரைக் காசுகளில் காணும் குட்டிக் குட்டி அடையாளங்களை இதோடு சேர்க்க வேண்டாம். அவை குத்தியவை, வெட்டியவை அல்ல.

முதலில் ‘தேர்வெட்டு’ என்றுதான் யோசித்தேன், தேர்ந்து பார்க்கும் வெட்டு என்ற பொருளில். என் மகள் படித்துவிட்டு, “எட்டாவது தேர்வா அப்பா?” என்றாள். விட்டுவிட்டேன்.

‘ஐய, வெட்டு!’ என்று யாரோ கத்தியை நீட்டுவதுபோல் இருக்கிறது என்று இதைப் படிக்கும் ஏற்காட்டு அம்மா கட்டாயம் கேலி செய்வார். இடம் விடாமல் சேர்த்து எழுதுங்கள், அம்மா. யாருக்கும் காயம் படாது.