பாசிட்டிவ் ஃபிலிமில் நடுகல் எழுத்து: டி-19 போடலாமா, மென்மையான டெவலப்பருக்குப் போகலாமா?

அரூர்_வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். அரூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் பகுதியில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன, சிலவற்றில் வட்டெழுத்தும் உண்டு. பத்து வருடத்துக்கு முன்பு விரலால் தடவித் தடவிப் படித்த வரி ஒன்று இப்போது பாதிதான் தெரிகிறது. மிச்சம் இருக்கிற எழுத்தையாவது ஒழுங்காகப் படம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று ஒரு தவிப்பு. செல்போனிலும் எடுத்து வைத்திருக்கிறேன், ஆனாலும் நெகட்டிவாக ஒன்று கையில் இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

சேலத்தில் முன்பு தியேட்டர்களுக்கு விளம்பர ஸ்லைடு செய்து கொடுத்த ஒருவர் கடையைக் காலி செய்தபோது 35 மி.மீ. கறுப்பு வெள்ளை பாசிட்டிவ் ஃபிலிம் ஒரு டப்பா, 100 அடி, கொடுத்தார். நீல வெளிச்சம் மட்டும்தான் இதில் பதியும், சிவப்பு விளக்கில் தைரியமாகத் திறக்கலாம், ஸ்பீடு (வெளிச்சத்தை உணரும் வேகம்) 6 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். என் பென்டாக்ஸ் கே1000 டயலில் 20-க்குக் கீழே கிடையாது என்பதால் 25 வைத்து, மீட்டர் சொல்வதைவிட இரண்டு ஸ்டாப் (அதாவது நான்கு மடங்கு வெளிச்சம்) கூட்டி, ட்ரைபாடில் ஒரு ரோல் எடுத்தேன். கழுவியது வீட்டில் இருந்த டி-76 டெவலப்பரில் (ஃபிலிமில் பதிந்த படத்தை வெளியே கொண்டுவரும் மருந்து), தண்ணீர் கலக்காமல், 20 டிகிரியில் 8 நிமிடம்.

வந்த நெகட்டிவ்தான் குழப்புகிறது. ஒரே ரோலில் பாதிப் படங்கள் மெலிந்து, எழுத்தே எழும்பாமல் இருக்கின்றன. மீதிப் பாதி சுண்ணாம்பும் கரியும்தான், வெயில் பட்ட பக்கம் நெகட்டிவில் கட்டியாக அடைத்துவிட்டது, நிழல் பக்கம் கண்ணாடி மாதிரி காலி. முதல் வகையைப் பார்த்தால் டி-19 போல வலுவான டெவலப்பர் வேண்டும் என்று தோன்றுகிறது, இரண்டாவதைப் பார்த்தால் நேர் எதிராகத் தோன்றுகிறது. எதைச் செய்வது? கெமிக்கல் வாங்க பெங்களூர் போய் வர வேண்டும், அதனால் கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்.

கிருஷ்ணகிரி_ஸ்டுடியோ:

வணக்கம் சார். நான் முப்பது வருடம் ஸ்டுடியோ நடத்தியவன். எழுத்து எழும்ப வேண்டும் என்றால் டி-19தான் என் பதில். வானியல்காரர்கள் கண்ணாடித் தகட்டில் நட்சத்திரம் எடுத்த காலத்தில் அவர்கள் நம்பியதும் இதைத்தான், மங்கலான ஒன்றைப் பின்புலத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்கென்றே உள்ள டெவலப்பர்.

உங்கள் டி-76-இல் காரம் என்று இருப்பது லிட்டருக்கு 2 கிராம் வெங்காரம் மட்டும். படத்தைக் கறுக்க வைப்பவை மெட்டால், ஹைட்ரோகுவினோன் இரண்டும்தான். அந்த மெல்லிய காரத்தில் ஹைட்ரோகுவினோன் தன் முழு பலத்தைக் காட்டாது, மெட்டாலுக்குத் துணையாக நிற்கும், அவ்வளவுதான். டி-19-இல் சோடியம் கார்பனேட் இருப்பதால் ஹைட்ரோகுவினோன் முழுதாக இறங்கி வேலை செய்யும், கறுப்பு கறுப்பாகவே விழும். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 90, ஹைட்ரோகுவினோன் 8, கார்பனேட் 45, பொட்டாசியம் புரோமைடு 5. இந்த 45 என்பது ஈரப்பசையே இல்லாத தூளுக்கான கணக்கு. கடையில் கட்டி கட்டியாகக் கண்ணாடிக் கல் போலக் கிடைக்கும் சலவை சோடா என்றால் பாதிக்கு மேல் அதில் தண்ணீர்தான், ஆகவே சுமார் 120 கிராம் போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆரம்பத்தில் நானே பல லிட்டரை வீணடித்தேன்.

கலக்கும் வரிசையும் முக்கியம். முக்கால் லிட்டர் தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கி, முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அப்புறம் மெட்டால், அது நன்றாகக் கரைந்த பிறகுதான் மீதி சல்ஃபைட். சல்ஃபைட்டை மொத்தமாக முதலில் கொட்டினால் மெட்டால் கரையாமல் மிதக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மெட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் பிறகு விடாது. உங்கள் ஃபிலிம் பழையது, மூட்டம் (வெளிச்சம் படாத இடத்திலும் படியும் மங்கல் கறுப்பு) இருக்கும். அந்த 5 கிராம் புரோமைடு அதையும் அடக்கி வைக்கும்.

ஓசூர்_35:

அண்ணா சொன்ன அளவெல்லாம் சரி, ஆனால் இந்த ஃபிலிமுக்கு டி-19 வேண்டாம் என்பது என் கருத்து. பாசிட்டிவ் ஃபிலிம் பிறவியிலேயே முரடு. சினிமாவில் கேமரா நெகட்டிவை 0.65 காமா (வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசமான கான்ட்ராஸ்டின் அளவு) வரை மென்மையாகக் கழுவி, அதைத் திரைக்கு ஏற்ற பளிச்சென்ற பிரிண்டாக மாற்றுவதற்குச் செய்த ஃபிலிம் இது, இதன் காமா 2-க்கு மேல் போகும். அதைக் கேமராவில் போட்டு வெளியே எடுத்துவிட்டு, மேலும் டி-19-இல் முக்கினால் நடுவில் சாம்பல் நிறமே மிஞ்சாது.

இன்னொன்று. நம் ஊர்க் கல் பெரும்பாலும் கருங்கல், அதில் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி இறைந்து கிடக்கும். டெவலப்பருக்கு எது எழுத்து எது புள்ளி என்று தெரியாது. கான்ட்ராஸ்டைக் கூட்டினால் எழுத்து எவ்வளவு எழும்புகிறதோ அதே அளவுக்குப் புள்ளியும் எழும்பும். தேய்ந்துபோன எழுத்து என்றால் புள்ளிதான் ஜெயிக்கும். ராயக்கோட்டை மலையில் பாறைக் கீறல்களை மைக்ரோஃபிலிமில் எடுத்து, கடுமையான டெவலப்பரில் கழுவிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மணல் கொட்டியது போல இருந்தது படம்.

நான் இரண்டு வழி சொல்வேன். ஒன்று போட்டா என்கிற டெவலப்பர். 1960-களில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் மர்லின் லெவி என்பவர் உருவாக்கியது, அணுகுண்டு வெடிப்பு மாதிரி கண் கூசும் வெளிச்சத்தையும் அதன் பக்கத்து இருட்டையும் ஒரே ஃபிலிமில் பிடிப்பதற்காக. லிட்டருக்கு சல்ஃபைட் 30 கிராம், ஃபெனிடோன் 1.5 கிராம், வேறு ஒன்றும் கிடையாது. ஆனால் கலக்கிய கையோடு பயன்படுத்திவிட வேண்டும், எடுத்து வைத்தால் செத்துவிடும். இன்னொன்று ரோடினால், ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர். 1891-இலிருந்து இருக்கும் சரக்கு, பாட்டிலில் வருடக் கணக்கில் கெடாது, மாதத்துக்கு ஒரு ரோல் கழுவுகிறவருக்கு அதுதான் தோது. பெங்களூரில் அது கிடைத்தால் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் சார், நீண்ட நாளைக்கு வரும்.

பென்னாகரத்துக்காரி:

சார், டெவலப்பருக்குப் போகும் முன் ஒன்று கேட்க வேண்டும். மெலிந்து போன படங்களை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? அடைத்துப் போனவற்றை எத்தனை மணிக்கு?

அரூர்_வாத்தியார்:

மெலிந்தவை எல்லாம் காலை ஆறரையிலிருந்து ஏழுக்குள். சாய்வெயிலில்தான் எழுத்து நன்றாகத் தெரியும் என்பதால் அந்த நேரத்தில் போனேன், கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது. மற்றவை பத்து மணிக்கு மேல், வேறு கற்கள்.

பென்னாகரத்துக்காரி:

நினைத்தேன். உங்கள் ஃபிலிமில் நீலம் மட்டும்தான் பதியும், விடிகாலை வெயிலில் நீலம் மிகவும் குறைவு. கேமரா மீட்டர் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து எண்ணி, வெளிச்சம் போதும் என்று சொல்கிறது, ஃபிலிமுக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேர்வதில்லை. அதனால்தான் மெலிவு. அதோடு, எழுத்தின் பள்ளத்தில் விழும் நிழலை வானத்து வெளிச்சம் நிரப்புகிறது, அது நீலம், அதை இந்த ஃபிலிம் நன்றாகவே பிடிக்கும். ஆக உங்கள் கண்ணுக்கு ஆழமாகத் தெரிந்த நிழல் ஃபிலிமுக்கு ஆழமில்லை. பத்து மணிக்கு வெயில் வெளுத்துவிடுகிறது, நீலமும் சேர்ந்து வருகிறது, அங்கே ஃபிலிம் தன் சொந்த முரட்டுத்தனத்தைக் காட்டிவிட்டது. டி-76 இரண்டிலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறது.

அதனால் ஓசூர் தம்பி சொல்வதுபோல மென்மையான டெவலப்பருக்குப் போங்கள், எழுத்துக்கான கான்ட்ராஸ்டை வெளிச்சத்தில் உண்டாக்குங்கள். சாய்ந்து வரும் வெளிச்சம் பள்ளத்துக்குத்தான் நிழல் போடும், கல்லின் புள்ளிக்குப் போடாது. நான் செய்வது இதுதான்: பதினொரு மணிக்கு மேல் போவேன், கல்லுக்கு மேலே குடையோ போர்வையோ பிடித்து நிழலாக்கிவிட்டு, பத்தடி தள்ளி ஒருவர் நிலைக்கண்ணாடியைப் பிடித்து வெயிலைத் திருப்பிக் கல்லின் மேல் உரசினாற்போல விட வேண்டும். உச்சி வெயில் என்பதால் நீலம் தாராளம், சாய்வும் நம் கையில். எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புக் கம்பளியைத் தொங்கவிட்டால் நிழல் இன்னும் ஆழமாகும், எடுத்துவிட்டால் இளகும்.

குங்குமம், மஞ்சள் பூசிய கற்களில் கவனம். சிவப்பும் மஞ்சளும் இந்த ஃபிலிமில் கறுப்பாகவே விழும். எழுத்துப் பள்ளத்தில் மட்டும் குங்குமம் நின்றால் நமக்கு லாபம், முகம் முழுக்கப் பூசியிருந்தால் ஒன்றும் தெரியாது. அதற்காக நாமே தேய்த்துக் கழுவக் கூடாது, அது அவர்கள் கும்பிடும் சாமி. பூசைக்கு முன்னால் அவர்களே தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், நான் ஊர்ப் பெரியவரிடம் சொல்லி வைத்துவிட்டு அந்த நேரத்தில் போய் நின்று எடுத்திருக்கிறேன்.

அப்புறம் தண்ணீர். நம் மாவட்டத்து போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று உங்களுக்கே தெரியும், ஃபுளோரைடுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே வந்தது. டெவலப்பருக்குப் பிரச்சினை அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து, கார்பனேட் போட்டவுடன் வெள்ளையாகத் திரிந்து ஃபிலிமில் ஒட்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள், கடைசி அலசலுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த பிறகு திட்டு இருக்காது.

ஓசூர்_35:

அக்கா, நீல வெளிச்சம் பற்றிய கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. சார், இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், நீலம் மட்டும் பதியும் ஃபிலிம் என்பதால் வெளிச்சம் புகாத டேங்க்கே வேண்டாம். சிவப்பு விளக்கில், தட்டில் போட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே கழுவலாம். ஒரு அடித் துண்டாக வெட்டிச் சோதனை செய்யுங்கள்.

கிருஷ்ணகிரி_ஸ்டுடியோ:

அம்மா சொல்வது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். நான் ஸ்டுடியோவில் டி-19 போட்டதெல்லாம் பத்திரம், வரைபடம் காப்பி எடுக்கத்தான், அங்கே வெள்ளைத் தாளும் கறுப்பு மையும் தவிர வேறு எதுவும் கிடையாது. கல் அப்படி இல்லை. நீங்கள் எழுத்தைத் தாளில் மை ஒற்றிப் படி எடுத்து, அந்தத் தாளை ஃபிலிமில் காப்பி எடுப்பதாக இருந்தால் மட்டும் டி-19 கலக்குங்கள், அதற்கு இதைவிட நல்லது இல்லை.

சித்திரை வெயிலில் 20 டிகிரி கனவு காணாதீர்கள் சார், ஐஸ் கட்டியைப் பாலித்தீன் பையில் கட்டி வெளிப் பாத்திரத்தில் போட்டு 24-இல் நிறுத்தினால் போதும், நேரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். டெவலப்பரைக் குளிரவைத்துவிட்டு, படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போவையும் கழுவும் தண்ணீரையும் சூடாக விட்டுவிடாதீர்கள், திடீர் சூட்டில் ஃபிலிமின் மேல்பூச்சான எமல்ஷன் சுருங்கி வலை மாதிரி வெடிக்கும்.

அரூர்_வாத்தியார்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ரோடினால் கிடைத்தது. 1:100, டிஸ்டில்டு வாட்டர், 24 டிகிரி, சிவப்பு விளக்கில் தட்டில். துண்டு துண்டாக ஐந்து, ஏழு, ஒன்பது நிமிடம் என்று பார்த்ததில் ஏழு நிமிடத் துண்டில்தான் வெயில் பக்கத்துக் கல்லின் சொரசொரப்பும் பள்ளத்து நிழலும் இரண்டும் இருந்தன. ஒன்பதில் மறுபடி அடைக்க ஆரம்பித்தது.

கண்ணாடி வைத்து எடுத்தது பற்றித்தான் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் வீட்டிலிருந்து நிலைக்கண்ணாடியைத் தூக்கி வந்தார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப, ஒரு கோணத்தில் வரி முழுக்க ஒரேயடியாக எழுந்து நின்றது. பத்து வருடத்துக்கு முன்பு விரலால் படித்த அந்த வரிதான். பாதி போய்விட்டது என்று நினைத்த இடத்தில் மூன்று எழுத்து இன்னும் இருக்கிறது. எஃப் 8, அரை வினாடி, ஐந்து படம் எடுத்தேன், ஐந்திலும் விழுந்திருக்கிறது.

விடிகாலைப் படங்களையும், முன்பு கூட்டியதற்கு மேல் இன்னும் இரண்டு ஸ்டாப் கூட்டி, மறுபடி எடுத்துப் பார்த்தேன், மெலிவு போனது, ஆனால் எழுத்து அக்கா சொன்னதுபோல மழுங்கலாகத்தான் இருக்கிறது. இனி உச்சி நேரமும் கண்ணாடியும்தான். டப்பாவில் இன்னும் எண்பது அடிக்கு மேல் இருக்கிறது, ஏரிக்கரையில் ஏழு கல் பாக்கி. அதில் ஒன்றின் முகம் முழுக்க மஞ்சள், ஆடி மாதப் பூசைக்குக் கழுவும்போது வரச் சொல்லியிருக்கிறார்கள்.