மறு: ஆன்டாலஜிக்கு 'உள்பொருட்சட்டகம்' எனலாமா?

> 'மெய்ப்பொருளியல்' ஏற்கெனவே இருக்கிறதே, அருங்காட்சியகத் தரவுக்கும் அதுவே போதாதா?

வணக்கம் ஐயா,

மெய்யியல் வகுப்புக்கு அது சரி. நம் வேலைக்கு ஒட்டாது. '-இயல்' என்று முடிந்தால் அது துறை. நம் ஆன்டாலஜியோ, எந்தப் பொருள் எதோடு எப்படிச் சேரலாம் என்று கணினிக்குச் சொல்லும், பதிப்பு எண் போட்ட ஒரு கோப்பு. 'இரண்டு மெய்ப்பொருளியல்களை இணைத்தோம்' என்று எழுதிப் பாருங்கள், சிரிப்பு வரும்.

இல்பொருள் உவமை படித்தவர்களுக்கு 'உள்பொருள்' புதிதல்ல. அருங்காட்சியகத் தரவுக்கான பன்னாட்டுத் தரமான சிடாக் சிஆர்எம் (ஐஎஸ்ஓ 21127) சட்டகத்தில் சிலை மட்டுமல்ல, அதை வார்த்த நிகழ்வு, காலம், இடம், ஆள் எல்லாமே உள்பொருள்தான். அவற்றுள் எது எதோடு எந்த உறவில் சேரலாம் என்று வரையறுப்பதால் சட்டகம்.

> அப்படியானால் 'நிகண்டு'?

அதை இதற்குச் செலவழிக்காதீர்கள். ஸ்காஸ் (சொல்தொகுதிகளைக் கணினிக்கு எழுதும் தரம்) முறையில் தொகுக்கும் சொல்தொகுதிக்குத்தான் நிகண்டு பொருந்தும். பழைய நிகண்டான திவாகரத்தின் முதல் பத்துத் தொகுதிகள் தெய்வம், மக்கள், விலங்கு, மரம் என்று பொருள்வாரியாகப் பெயர்களை அடுக்குகின்றன. ஒரு சொல் பல்பொருளுக்குப் பதினோராவது தொகுதி தனியாகவே இருக்கிறது. 'கட்டுப்படுத்தப்பட்ட சொற்களஞ்சியம்' என்று நீட்டி முழக்குவானேன்?

இரண்டும் தனித்தனிச் சொல்லாக நிற்க வேண்டும் என்பதில்தான் எனக்குப் பிடிவாதம். குழப்பினால் தரவு உடைகிறது. செப்புத்திருமேனிக்கு ஒரு வகுப்பு (கிளாஸ்), கற்சிலைக்கு ஒன்று, மரச்சிற்பத்துக்கு ஒன்று என்று சட்டகத்திலேயே சேர்த்துக்கொண்டே போவார்கள். அந்தப் புது வகுப்புகள் அடங்கிய உங்கள் நீட்சிக் கோப்பை ஏற்றாத அருங்காட்சியகம் வினவும்போது அந்தப் பொருள்கள் அகப்படவே மாட்டா. எல்லாம் சிஆர்எம்மின் ஈ22 (மனிதர் செய்த பொருள்) வகுப்பாகவே இருக்கட்டும் (ஈ எண் வகுப்புக்கு, பி எண் உறவுக்கு). 'செப்புத்திருமேனி' என்பதை நிகண்டிலிருந்து எடுத்து பி2 ('வகை உடையது') உறவால் வகையாக ஒட்டினால் போதும். புதிய உறவுகள் தேவைப்பட்டால் மட்டும் புதிய வகுப்பு.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டு 'வரை' எழுந்தருளுவித்த திருமேனிகள் என்று வரும். ஆட்சித் தொடக்கம் 985இன் நடுப்பகுதி என்பதால் 29ஆம் ஆண்டு 1013-1014. பலர் இதைப் படைப்பு ஆண்டாகவே ஏற்றிவிடுகிறார்கள். இரண்டு பிழை. எழுந்தருளுவித்தது வேறு நிகழ்வு (ஈ7, செயல்), வார்த்தது வேறு (ஈ12, ஆக்கம்). 'வரை' என்பதோ பின்னெல்லை மட்டும்: எழுந்தருளுவித்த நிகழ்வின் பி82பி-யில் (முடிவின் பின்னெல்லை) 1014 போடலாம், பி82ஏ-யில் (தொடக்கத்தின் முன்னெல்லை) அதே ஆண்டைப் போடக்கூடாது. உயரத்திலும் கவனம் வேண்டும். கோயிலில் உள்ள முழத்தால் அளந்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. ஆகவே பி91 அலகில் 'தஞ்சைக் கோயில் முழம்', 'விரல்' என்றே தனிக் கருத்துகள் வேண்டும். சென்டிமீட்டர் மதிப்பைத் தனி அளவாகச் சேருங்கள், மூலத்தின் மேல் எழுதாதீர்கள்.

பிற நிகண்டுகளோடு பொருத்தும்போது எக்ஸாக்ட்மேட்ச் (இரண்டும் ஒரே கருத்து என்னும் உறவு) மேல் எல்லாருக்கும் ஓர் ஆசை. அது கடந்து செல்லும் உறவு: அ = ஆ, ஆ = இ என்றால் அ = இ ஆகிவிடும். கெட்டி நிறுவனத்தின் ஏஏடி (கலை, கட்டடக்கலைச் சொற்கள்) நிகண்டில் உள்ள பொதுவான வெண்கலச் சிற்பக் கருத்தோடு செப்புத்திருமேனியை அப்படிக் கட்டினால், கிரேக்க ஓட்டப்பந்தய வீரனும் திருமேனியாகிவிடுவான்! பிராட்மேட்ச் (அது இதைவிட விரிந்த கருத்து) போடுங்கள். 'ஐம்பொன் சிலை' மாற்றுப்பெயராக இருக்கலாம். 'உற்சவர்' அப்படி அல்ல. அது பயன்பாடு, தனிக் கருத்து.

---

ஐயா,

நிகண்டுக்கு என் ஒப்புதல். 'உள்பொருட்சட்டகம்' என்று புணர்த்தினால் 'உள்பொருள்' என்று தேடுபவருக்குக் கிடைக்காது. 'உள்பொருள் சட்டகம்' என்று பிரித்தே எழுதுவோம். 'சட்டகம்' ஃபிரேம்வொர்க்குக்கும் வழங்குகிறது. முன்னொட்டு இருப்பதால் பொறுத்துக்கொள்ளலாம்.

எந்தச் சொல்லை ஏற்றாலும் கருத்தைக் குறிக்கும் இணைய முகவரியில் (யூஆர்ஐ) அது வேண்டாம், எண் மட்டும். சிஆர்எம்மில் ஈ22இன் ஆங்கிலப் பெயர் பின்னாளில் மாறியது. எண் அப்படியே நின்றது. ஆனால் முகவரியில் பெயரும் சேர்ந்திருந்ததால் பழைய பெயரில் எழுதிய வினவல்களைத் திருத்த வேண்டியதாயிற்று.

ஒரு மொழிக்கு ஒரே முதன்மைப் பெயர் என்பது ஸ்காஸ் விதி. ஏற்றுமுன் எல்லாப் பெயர்களையும் என்எஃப்சி (ஒரே எழுத்தை ஒரே குறியீட்டு முறைக்குக் கொண்டுவரும் யூனிகோடு முறை) வடிவுக்கு மாற்றுங்கள். 'பொ' என்பதில் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரும், கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. 'ஔ' வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று அடித்திருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது, கையால்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.