நல்லூரிலை தொடர்மாடி வீடு: புக்கிங் காசு கட்டலாமோ?

கேள்வி: அத்திவாரம் மட்டும்தான் போட்டிருக்கு. 1,200 சதுர அடி, 2.4 கோடி. ஞாயிறுக்குள்ளை 10 இலட்சம் கட்டாட்டி விலை ஏறுமாம். தாறது புக்கிங் படிவம் மட்டும். கட்டலாமோ?

பதில் 1: கட்டாதேங்கோ. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, வீடு விற்கிற உடன்படிக்கை நொத்தாரிசுக்கும் 2 சாட்சிக்கும் முன்னாலை கைச்சாத்தாக வேணும். வெறும் படிவத்தை வைச்சு வீட்டை எழுதித் தரச்சொல்லி வழக்காடேலாது. நொத்தாரிசு உங்கடை ஆளாய் இருக்கட்டும். உடன்படிக்கையிலை ஒப்படைக்கிற திகதி, பிந்தினால் நட்டஈடு, காசு திரும்புற நிபந்தனை மூண்டும் வேணும். "விரைவில்" எண்ட சொல் திகதியில்லை!

பதில் 2: அந்த 1,200 சுவருக்குள்ளையோ, நடைபாதை, லிஃப்ட் பங்கும் சேர்த்தோ? உள்ளுக்கு 1,000 தான் எண்டால் சதுர அடி 20,000 இல்லை, 24,000. வரைபடத்திலை எழுதி வாங்குங்கோ. வாகனத் தரிப்பிடமும் அப்பிடித்தான்.

பதில் 3: முதல்லை காணிப் பதிவகத்திலை தேடுங்கோ. காணி வங்கியிலை ஈட்டிலை இருந்தால், உங்கடை வீட்டுக்கு விடுவிப்புக் கடிதம் கேளுங்கோ. கூட்டாதன வரைபடம் (மாடியிலை ஒவ்வொரு வீட்டையும் தனிச் சொத்தாய்ப் பிரிச்சுக் காட்டுற வரைபடம்) பதியாமல் தனி வீட்டுக்கு உறுதி எழுதேலாது. கடைசித் தவணையை அதுவரை பிடிச்சு வையுங்கோ. முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3%, மிச்சத்துக்கு 4%. விற்பனையாளர் சொல்லுற விலையிலை இது அனேகமாய் சேராது.