பேட்டரி இல்லாத சென்சார்: பாலத்தின் துருவை முன்கூட்டியே சொல்லுமா?

கடலோரப்_பொறியாளர்:
உப்புக் காற்று வீசும் இடத்தில் கட்டும் ஒவ்வொரு புதிய பாலத்திலும் பேட்டரி இல்லாத சென்சார்களைக் கம்பிக்கூட்டோடு சேர்த்தே புதைக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே இதைக் கட்டாயமாக்க வேண்டும். நல்ல காங்கிரீட்டின் பிஎச் அளவு 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரம்தான் கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை வைத்திருக்கிறது. கடல் உப்பில் உள்ள குளோரைடு உள்ளே இறங்கியதும் படலம் உடைகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக் காங்கிரீட்டைப் பிளக்கிறது. வெளியே விரிசல் தெரியும்போது உள்ளே சேதம் முற்றியிருக்கும். பேட்டரி வைத்த சென்சார் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். அதை மாற்றுவதற்காகத் தூணை உடைக்க முடியுமா? வெளியே பிடிக்கும் ரீடர் கருவி அனுப்பும் அலையிலிருந்தே ஆற்றலைப் பெற்றுப் பதில் தரும் சென்சார்தான் இதற்கு ஏற்றது.

சுத்தியல்:
துரு எங்கே மிகக் கடுமை என்று பாருங்கள், ஐயா. அலை ஏறி இறங்கி நீர் தெறிக்கும் பகுதியில். அங்கே காங்கிரீட் முழுதாகக் காய்வதே இல்லை. உப்பு ஈரம் ஊறிய காங்கிரீட் ரேடியோ அலையை விழுங்கும், கம்பி வலை அதைத் திருப்பியடிக்கும். காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 அந்தப் பகுதிக்கு 75 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட், கேட்கிறது. எங்கே தேவையோ அங்கேதான் உங்கள் சென்சார் ஊமையாகும். காங்கிரீட்டின் மேல் செம்பு சல்பேட் மின்முனையை வைத்து, அதற்கும் உள்ளே இருக்கும் கம்பிக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளக்கும் அரை மின்கல அளவீடு எடுங்கள். மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டி இறங்கினால், அரிப்பு நடப்பதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. பழைய முறைதான், ஆனால் நம்பலாம்.

அலைவரிசை:
அந்த அலை இழப்பு 865 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண்ணில்தான் பெரிய தொல்லை. அதிர்வெண் குறையக் குறைய இழப்பும் குறையும். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஒரு வகைச் சென்சாரில் சிப்பே கிடையாது. ஒரு சுருள், ஒரு மின்தேக்கி, பலியாவதற்கென்றே வைத்த மெல்லிய எஃகுக் கம்பி, அவ்வளவுதான். அந்தக் கம்பி அரித்து அறுந்ததும் சுற்றின் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாக அதிரும் அதிர்வெண், மாறும்; வெளியே பிடித்த சுருள் அதைக் கண்டுகொள்ளும். இத்தகைய கம்பிகளை 25 மி.மீ., 50 மி.மீ. ஆழங்களில் வைத்தால், உப்பு முதன்மைக் கம்பியைத் தொடும் முன்பே வழியில் பிடிபடும். நீங்கள் சொல்லும் அரை மின்கலம் பேசத் தொடங்குவது அரிப்பு தொடங்கிய பிறகு. அதற்கும் முதலில் கவரை உடைத்துக் கம்பியில் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

சுத்தியல்:
உங்கள் சுருளைச் சில அங்குலம் நெருக்கத்தில் பிடிக்க வேண்டும். அப்படியானால் படகிலோ சாரத்திலோ ஒருவர் போயே ஆக வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் அந்தச் சென்சார் எதையும் பதிந்து வைக்காது. குளோரைடு அரிப்பு குழி குழியாக விழுவது. ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சென்சாருக்கு அது தெரியவே தெரியாது. 'சென்சார் நலம் என்கிறது' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள் என்பதே என் பெரும் பயம்.

மண்டபம்வாசி:
இத்தாலியின் ஜெனோவாவில் இருந்த மொராண்டி பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1967இல் திறந்தது, 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். தாங்கு கம்பிகள் காங்கிரீட்டுக்குள் மூடியிருந்ததால் கண்ணால் பார்க்க வழியில்லை. உள்ளே ஒரு சாட்சி இருந்திருந்தால்?

சுத்தியல்:
அதே பாலத்தில் 11ஆம் தூணின் கம்பிகளை 1990களின் தொடக்கத்திலேயே வலுப்படுத்தினார்கள். இடிந்தது 9ஆம் தூண். ஒரே வடிவமைப்பு, ஒரே கடற்காற்று. ஒன்றில் கண்டதை வைத்து மற்றொன்றையும் திறந்து பார்க்க எந்தச் சென்சாரும் தேவைப்படவில்லை.

கடலோரப்_பொறியாளர்:
அங்கேதான் நான் முரண்படுகிறேன். ஊகத்தைக் காட்டி யாரும் போக்குவரத்தை நிறுத்த மாட்டார்கள்; அறுந்த கம்பியைக் காட்டினால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். பழைய பாலத்தில் துளையிட்டுச் சென்சார் வைப்பதை நானும் எதிர்க்கிறேன், அது உப்புக்கு வழி திறந்துவிடும். புதிய பாலத்தில், நீர் தெறிக்கும் உயரத்தில், தூணுக்குப் பல இடங்களில் வைக்கச் சொல்கிறேன்.

சுத்தியல்:
வையுங்கள். ஆனால் ஆண்டுதோறும் அதைப் படிப்பவர் யார், கம்பி அறுந்தால் எத்தனை நாளுக்குள் தூணைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு வரியும் இல்லாத டெண்டரை நான் ஆதரிக்க மாட்டேன்.